கேள்வி – பதில்: கிளினிக்கல் எக்ஸாம் என்றாலே கை நடுங்குகிறதா?

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு பிராக்டிகல் நெருங்குகிறது, அதனால் இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. வடசென்னையிலிருந்துதான் அதிகம். மாணவர்கள் மட்டுமில்லை, ஒரு அம்மாவும், தேர்வுக்கு நோயாளியாகப் போய்ப் படுக்கப்போகிற ஒருவரும் எழுதியிருக்கிறார்கள். பல வருடம் வார்டில் பாடம் எடுத்தவள், தேர்வாளராக உட்கார்ந்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தியரியில் நல்ல மார்க் வாங்குகிறேன் மேடம். ஆனால் வார்டில் சார் "எக்ஸாமின் பண்ணு" என்றதும் கை நடுங்குகிறது, எங்கே ஆரம்பிப்பது என்பதே மறந்துவிடுகிறது. போன இன்டர்னலில் மண்ணீரல் ரொம்பப் பெரிதாக இருந்த நோயாளியைத் தொட்டுப் பார்த்துவிட்டு "வயிறு நார்மல்" என்று சொல்லிவிட்டேன். எப்படி இதிலிருந்து வெளியே வருவது?
– இறுதியாண்டு மாணவி, தண்டையார்பேட்டை

முதலில் அந்த மண்ணீரலை முடித்துவிடுவோம்மா, ஏனென்றால் நீங்கள் எங்கே தவறவிட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து ஆரம்பித்திருப்பீர்கள். மண்ணீரல் வீங்கும்போது இடது விலாவின் அடியிலிருந்து தொப்புளைத் தாண்டி வலது அடிவயிற்றை நோக்கிக் குறுக்காக இறங்கும். ரொம்பப் பெரிதாகிவிட்டால் விலா ஓரத்தில் நீங்கள் கை வைக்கிற இடமே மண்ணீரலின் மேல்தான், அங்கே விளிம்பு எப்படித் தட்டுப்படும்? அதனால் எப்போதும் வலது அடிவயிற்றிலிருந்து ஆரம்பியுங்கள். நோயாளி முட்டியை மடக்கிப் படுக்கட்டும், உங்கள் கை சூடாக இருக்கட்டும், மூச்சை இழுக்கச் சொல்லி ஒவ்வொரு மூச்சுக்கும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது விலாவை நோக்கி நகர்த்துங்கள். கண் வயிற்றின் மேல் இல்லை, நோயாளியின் முகத்தின் மேல் இருக்க வேண்டும், வலித்தால் முகம்தான் முதலில் சொல்லும். விளிம்பு கிடைத்ததும் அதில் பள்ளம் மாதிரி ஒரு வெட்டு இருக்கிறதா, விலாவுக்கும் அதற்கும் நடுவில் விரலை நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். மண்ணீரல் என்றால் நுழையாது, சிறுநீரகம் என்றால் நுழையும். எக்ஸ்டர்னல் (வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர்) அடுத்து கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

இனி நடுக்கம். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் போர்டு இருக்கும், 2024-ல் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமாகூட இந்தப் பகுதிப் பெண்தான். ஸ்ட்ரைக்கரை எந்தக் கோணத்தில் தட்ட வேண்டும் என்று படித்துவிட்டு யாரும் காய் போட்டதில்லை, தட்டித் தட்டித்தான் விரலுக்குப் பழகும். பரிசோதனையும் அப்படித்தான். உங்களுக்கு அறிவு குறைவில்லை, விரலுக்குப் பழக்கம் போதவில்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் பாயில் படுக்கவைத்து, தலை முதல் கால் வரை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அப்பாவுக்கு பி.பி. பாருங்கள், அம்மாவின் நாடியைப் பிடித்து ரேட், ரிதம், வால்யூம், கேரக்டர், இரண்டு கையிலும் ஒன்றாக வருகிறதா, தொடையில் தாமதமாக வருகிறதா என்று ஒரே வரிசையில் தினமும் சொல்லுங்கள். நார்மலான உடம்பு கைக்கு நன்றாகத் தெரிந்தால்தான் நார்மல் இல்லாதது தட்டுப்படும். அப்புறம் மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள், ஒருவர் நோயாளி, ஒருவர் மாணவர், ஒருவர் கையில் வாட்ச்சோடு தேர்வாளர். தேர்வாளராக உட்காருகிறவர்தான் நிறையக் கற்றுக்கொள்வார், இதைப் பல பேட்ச்சில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது ரொம்ப முக்கியம். தேர்வன்று காலையில் "மூன்றாவது பெட் மைட்ரல் ஸ்டெனோசிஸ்" (இதய வால்வு சுருக்கம்) என்று யாராவது காதில் ஓதிவிட்டுப் போவார்கள். அதை நம்பி, கேட்காத மர்மரை (இதயத்தில் கேட்கும் இயல்பில்லாத சத்தத்தை) கேட்டதாகச் சொல்லாதீர்கள். ஸ்டெதாஸ்கோப்பின் பெல்லை எங்கே வைத்தாய், நோயாளியை எந்தப் பக்கம் திருப்பினாய், மூச்சை எப்போது பிடிக்கச் சொன்னாய் என்று மூன்று கேள்வி கேட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். "எனக்குக் கேட்கவில்லை சார், இடது பக்கம் திருப்பி மறுபடி கேட்டுச் சொல்லட்டுமா" என்று கேட்கிற பிள்ளைக்கு நான் மார்க் குறைத்ததில்லை. கேட்காததைக் கேட்டதாக எழுதுகிற பழக்கம் டாக்டரான பிறகும் போகாது, அப்போது நஷ்டம் மார்க்கில் இருக்காது.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். நோயாளியிடம் நன்றாகப் பேசுவேன், ஆனால் கேஸை ஆங்கிலத்தில் சொல்லும்போது வார்த்தை வராமல் நிற்கிறேன். கூடப் படிப்பவர்கள் சரளமாகச் சொல்வதைக் கேட்டால் இன்னும் பயமாக இருக்கிறது.
– மாணவர், வியாசர்பாடி

தம்பி, கேஸ் ப்ரசண்டேஷனுக்கு வேண்டிய ஆங்கிலம் ரொம்பக் கொஞ்சம். பெயர், வயது, ஊர், தொழில், என்ன தொந்தரவு, எத்தனை நாளாக. பிறகு அந்தத் தொந்தரவு எப்படி ஆரம்பித்து எப்படி வளர்ந்தது. பிறகு பழைய நோய்கள், பழக்கவழக்கம், குடும்பம், எடுத்துக்கொள்ளும் மருந்து. பிறகு பொதுப் பரிசோதனை, வைட்டல்ஸ், சிஸ்டம். கடைசியில் இரண்டு மூன்று வரிச் சுருக்கமும் டயக்னோசிஸும். ஒவ்வொரு இடத்திலும் வருகிற வாக்கியம் ஏறக்குறைய ஒன்றேதான், நோயாளிதான் மாறுகிறார். ஒரு நல்ல கேஸ் ஷீட்டை எடுத்து, அதிலிருக்கிற வாக்கியங்களை உங்கள் கையால் எழுதி, போனில் ரெக்கார்டு பண்ணி நீங்களே கேளுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும். தேர்வாளர் கேட்பது இலக்கணத்தை இல்லை, ஒழுங்கைத்தான். நடுவில் வார்த்தை நின்றால் நோயாளி சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் சொல்லுங்கள், முதல் தொந்தரவை நோயாளியின் வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்றுதான் பாடமும் சொல்கிறது.

நோயாளியிடம் நன்றாகப் பேசுவேன் என்று ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள். லாங் கேஸில், அதாவது ஒரே நோயாளியை முழுக்க விசாரித்துப் பரிசோதித்துச் சொல்கிற தேர்வில், மார்க் அங்கேதான் இருக்கிறது. "நடந்தா மூச்சு வாங்குதா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "குழாயடியிலிருந்து குடம் தூக்கிக்கிட்டு மாடி ஏற முடியுதா? போன வருஷம் முடிஞ்சுதா? இப்போ வெறுங்கையா ஏறினாலே உட்கார்ந்துடுறீங்களா? ராத்திரி தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்து உட்கார்றீங்களா?" என்று கேட்டால் இதய நோயின் தீவிரத்தைச் சொல்லும் என்.ஒய்.எச்.ஏ. வகுப்பு 2-ஆ 3-ஆ 4-ஆ என்பது தானாக வந்து விழும். தொழில் என்ற இடத்தில் "கூலி" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். துறைமுகத்தில் மூட்டையா, மணலியில் வெல்டிங்கா, காசிமேட்டில் ஐஸ் உடைப்பதா, நிலக்கரித் தூசியா, எத்தனை வருஷம்? நுரையீரல் கேஸில் பாதி விடை அதில் இருக்கும். குடிப்பழக்கத்தையும் "அக்கேஷனல்" என்று எழுதாதீர்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால். தினம் எவ்வளவு, எத்தனை வருஷம் என்று கேட்டுக் கணக்குப் போட்டுச் சொன்னால், வயிற்றில் நீர் கோத்த கேஸில் எக்ஸ்டர்னல் நிமிர்ந்து உட்காருவார். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரியாமல் திணறுகிறவர்கள்தான் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவர்களில் பாதிப் பேர். அவர்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் உங்களுக்கு ஆங்கிலம், நீங்கள் அவர்களுக்கு ஹிஸ்டரி, அதாவது நோயாளியிடம் கதை கேட்கும் விதம்.

எனக்கு இதயத்தில் வால்வு சுருக்கம். மாத்திரை சாப்பிடுகிறேன், 21 நாளுக்கு ஒருமுறை ஊசி போடுகிறார்கள். பசங்களுக்கு எக்ஸாம் நடக்குது, ரெண்டு நாள் வந்து படுக்க முடியுமா என்று டாக்டர் கேட்டார். என்ன செய்வார்கள், உடம்புக்கு ஏதாவது ஆகுமா? வரமாட்டேன் என்றால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களா?
– வாசகர், காசிமேடு

ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நிறுத்தமாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. வருவதும் வராததும் முழுக்க உங்கள் விருப்பம், ஒத்துக்கொண்டு வந்த பிறகு பாதியில் "போதும்ப்பா" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. வேலைக்குப் போகாத நாளின் கூலி, வந்துபோகும் செலவு, மதியச் சாப்பாடு பற்றியெல்லாம் கூச்சப்படாமல் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு ஆபத்து எதுவும் இல்லை, ஊசி குத்த மாட்டார்கள், மருந்து மாற்ற மாட்டார்கள். ஆனால் அலுப்பாக இருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து ஒரே கதையைக் கேட்பார்கள், சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று எல்லோரும் கேட்பார்கள். இடது பக்கம் திரும்பிப் படுத்து மூச்சை வெளியே விட்டுப் பிடிக்கச் சொல்வார்கள், உங்கள் வால்வின் சத்தம் அப்படிப் படுத்தால்தான் நன்றாகக் கேட்கும். மூச்சு வாங்கினால் எழுந்து உட்கார்ந்துகொள்ளுங்கள், யாருக்காகவும் அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். காலை மாத்திரையை எக்ஸாம் என்று விட்டுவிடாதீர்கள், நீர் மாத்திரை சாப்பிட்டால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும், கழிவறைக்குப் பக்கத்தில் கட்டில் கேளுங்கள். ஊசித் தேதி அந்த நாளில் வந்தால் தள்ளிப்போட வேண்டாம், அங்கேயே போடச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு பையன் "என்ன நோய்னு சொல்லிருக்காங்க?" என்று மெதுவாகக் கேட்பான். பாவம் என்று சொல்லிவிடத் தோன்றும், சொல்லாதீர்கள். உங்களைத் தொட்டுப் பார்த்து அவனே கண்டுபிடித்தால் அடுத்து அவனிடம் வருகிற நோயாளிக்கு நல்லது.

இதை மாணவர்களும் படிப்பார்கள், அதனால் அவர்களுக்கும் சேர்த்து. ஸ்டான்லியை இன்னும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு, 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. 1938-ல் மருத்துவக் கல்லூரியானது முதல் அங்கே படித்த ஒவ்வொரு டாக்டரும் வடசென்னை ஜனங்களின் நெஞ்சிலும் வயிற்றிலும் கைவைத்துத்தான் டாக்டரானார். ஐயா மாதிரி ஒருவர் கூலியை விட்டுவிட்டு வந்து படுத்திருக்கிறார். கிட்டே போனதும் வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லி, தொட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டு வையுங்கள். பார்த்து முடிந்ததும் போர்வையை மூடிவிடுங்கள். பெண் நோயாளி என்றால் ஆண் மாணவர் பக்கத்தில் ஒரு சிஸ்டரோ தோழியோ இல்லாமல் ஆரம்பிக்கவே கூடாது, ஸ்க்ரீன் இழுக்காமல் புடவையை விலக்கச் சொல்லக் கூடாது. "இந்தக் கேஸ்" என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள், பெரியவர் என்றோ அம்மா என்றோ சொல்லுங்கள். இதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

எங்களுக்கு ஆஸ்கி என்று மணி அடித்து மணி அடித்து ஓடவிடுகிறார்கள். சீனியர்கள் "எங்க காலத்துல லாங் கேஸ்தான்" என்கிறார்கள். இது எதற்கு வந்தது, இதற்கு எப்படித் தயாராவது?
– மூன்றாமாண்டு மாணவி, பெரம்பூர்

ஆஸ்கி (OSCE) என்றால் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், ஒவ்வொன்றிலும் சில நிமிடத்தில் ஒரு வேலையைச் செய்து காட்டுகிற தேர்வு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் என்ற பேராசிரியர் 1975-ல் எழுதி வெளியிட்ட முறை இது. அவர் கவலைப்பட்ட விஷயம் நமக்கும் தெரிந்ததுதான். ஒரு மாணவருக்குச் சுலபமான நோயாளி, இன்னொருவருக்கு யாருக்குமே புரியாத நோயாளி, ஒரு தேர்வாளர் தாராளம், இன்னொருவர் காலையிலிருந்தே கோபம். அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்ததை மாற்றி, எல்லா மாணவருக்கும் அதே ஸ்டேஷன், அதே நிமிடம், அதே செக்லிஸ்ட் என்று வைத்தார். நம் நாட்டில் 2019-ல் புதுப் பாடத்திட்டம் வந்த பிறகு கல்லூரிகளில் இது பரவலாகிவிட்டது.

தயாராவது சுலபம்தான். செக்லிஸ்ட்டில் என்ன இருக்கும் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். கை கழுவியது, பெயர் சொன்னது, அனுமதி கேட்டது, கடைசியில் நன்றி சொன்னது, இதற்கெல்லாம் தனித்தனி மார்க் உண்டு, நிறையப் பேர் அவசரத்தில் அதை விடுகிறார்கள். தாளில் "பரிசோதி" என்று இருக்கிறதா, "நோயாளிக்கு விளக்கு" என்று இருக்கிறதா என்று உள்ளே நுழைவதற்கு முன் நிதானமாகப் படியுங்கள். இன்ஹேலர் விளக்கச் சொல்லியிருக்கும் இடத்தில் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இன்ஹேலர் என்றால், குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, வாயில் வைத்து மெதுவாக இழுக்கும்போதே அழுத்து, பத்து வினாடி பிடி. விளக்கி முடித்ததும் "எங்கே, நீங்க ஒருதடவை செஞ்சு காட்டுங்க" என்று கேட்க வேண்டும். சி.பி.ஆர். (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) என்றால் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஐந்திலிருந்து ஆறு சென்டிமீட்டர் ஆழம், ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும். ஒரு ஸ்டேஷன் சொதப்பினால் மணி அடித்ததும் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், அங்கே இருக்கிற தேர்வாளருக்கு அது தெரியாது.

என் கருத்தைக் கேட்டால், ஆஸ்கி நியாயமானது, ஆனால் மனுஷனைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுகிறது. முக்கால் மணி நேரம் ஒரே ஆளோடு உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டு முடிவுக்கு வருகிற வேலையை ஐந்து நிமிட ஸ்டேஷன் சோதிக்க முடியாது. இரண்டும் வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டெதாஸ்கோப் விலை உயர்ந்ததாக இருந்தால்தான் மர்மர் கேட்குமா? லிட்மன் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.
– மாணவர், கொருக்குப்பேட்டை

வேண்டாம்ப்பா. 1816-ல் லென்னெக் என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கத் தயங்கி, காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கருவியே வந்தது. பெல் என்கிற குழிந்த பக்கமும் டயாஃப்ரம் என்கிற தட்டைப் பக்கமும் இரண்டும் இருக்கிற, குழாய் விரிசல் விடாத, காதில் இறுக்கமாக உட்காருகிற எதுவும் போதும். தாழ்ந்த சத்தத்துக்கு பெல்லை லேசாக வையுங்கள், உயர்ந்த சத்தத்துக்கு டயாஃப்ரமை அழுத்தி வையுங்கள். அயோர்டிக் ரிகர்ஜிடேஷன் (அயோர்டிக் வால்வு வழியாக ரத்தம் பின்னால் கசிவது) என்றால் நோயாளியை உட்காரவைத்து முன்னால் குனியச் சொல்லி, மூச்சை விட்டுப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். சம்பளம் வந்த பிறகு லிட்மன் வாங்கிக்கொள்ளலாம்.

என் பொண்ணு பிராக்டிகலில் ஃபெயிலாகிவிட்டாள் டாக்டர். எங்கள் குடும்பத்தில் முதல் டாக்டர். ரூமை விட்டே வரமாட்டேன் என்கிறாள். என்ன சொல்வது?
– ஒரு தாய், எண்ணூர்

எதுவும் சொல்ல வேண்டாம்மா, சாப்பாடு மட்டும் கொடுங்கள், தூங்கவிடுங்கள். தேறாமல் போய் மறுபடி எழுதி நல்ல டாக்டரானவர்கள் என்னோடு வேலை பார்த்திருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து நோயாளிகள் யாரும் "எத்தனாவது தடவை பாஸ் பண்ணீங்க" என்று கேட்டதில்லை. ஒரு வாரம் போகட்டும். பிறகு யூனிட்டில் அவளுக்குப் பிடித்த ஒரு அசிஸ்டென்ட் புரொபசரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், எங்கே மார்க் போனது என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். சாயங்காலம் வார்டுக்குப் போய் பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) கூட நிற்கட்டும், ஒரு நாளைக்கு ஒரு நோயாளி போதும். இதற்கிடையில் தூக்கமே இல்லை, சாப்பாடே இல்லை, செத்துப்போகலாம் போல இருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தால்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 104-க்கோ மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கோ எந்த நேரமும் போன் பண்ணலாம், இரண்டுமே இலவசம்.

வெளிநாடு போனால் இந்த பிராக்டிகல் எல்லாம் மறுபடி வருமா?
– ஹவுஸ் சர்ஜன், திருவொற்றியூர்

பிரிட்டன் என்றால் வரும். அங்கே டாக்டராக வேலை பார்க்க எழுதும் பிளாப் தேர்வின் இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் நடக்கிறது, 16 ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 8 நிமிடம், முழுக்க ஆஸ்கி மாதிரியேதான். நோயாளியாக நடிப்பவர்களிடம் கெட்ட செய்தி சொல்வது, கோபமாக இருப்பவரைச் சமாதானப்படுத்துவது என்று பேச்சுக்கு அங்கே எடை அதிகம். அமெரிக்காவில் ஸ்டெப் 2 சி.எஸ். என்ற நேரடித் தேர்வை 2021-ல் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அங்கே ரெசிடென்சிக்கு (மேற்படிப்புப் பயிற்சிக்கு) நேர்காணலும் வார்டு அனுபவமும் பார்ப்பார்கள்.

தேர்வன்று பையில் என்னென்ன இருக்க வேண்டும்?
– மாணவி, புது வண்ணாரப்பேட்டை

ஸ்டெதாஸ்கோப், புது பேட்டரி போட்ட டார்ச், இஞ்ச் டேப், நீ ஹாமர் (முட்டியைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல்), அதிர்வு பார்க்க 128, காதுக்கு 256 அல்லது 512 ஹெர்ட்ஸ் ட்யூனிங் ஃபோர்க், பஞ்சு, டங் டிப்ரெசர், தெர்மாமீட்டர், சானிடைசர், ஸ்கின் மார்க்கர், இரண்டு பேனா, ஹால் டிக்கெட், ரெக்கார்டு நோட்டு. நகம் வெட்டியிருக்க வேண்டும், கோட்டில் பொத்தான் இருக்க வேண்டும். காலையில் ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், முறை வருவதற்குள் மத்தியானம் ஆகிவிடும். டிஜிட்டல் வாட்ச் வேண்டாம், நொடி முள் இருக்கிற வாட்ச்சாகக் கட்டிக்கொள்ளுங்கள், நாடியை முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டியிருக்கும்.